பிடித்தால் பக்கத்தில் நிற்பவன் வருவானா? கபடி டீமின் நம்பிக்கை பற்றி

ஜனவரி 18

மேலூர்ப் பக்கம் ஒரு ஊர் டீமின் கேப்டன் தம்பி கேட்டது இது. அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

“அக்கா, நம்பிக்கை நம்பிக்கைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஜெயிக்கிற டீமுக்கு அது தானா வருது, தோக்குற டீமுக்குப் போயிருது. அப்ப ஜெயிக்கிறதுதானே முதல்ல? எங்க டீம்ல ஏழு பேரும் தனித்தனியா நல்லா ஆடுறவங்க. இந்தப் பொங்கலுக்கு மூணு ஊருக்குப் போனோம், மூணுலயும் முதல் ரவுண்டுலயே வெளிய வந்துட்டோம். ராத்திரி முழுக்க ‘நம்மளால முடியும்டா’ன்னு பேசிட்டுத்தான் போனோம்.”

பாதி சரி தம்பி. ஜெயித்தால் நம்பிக்கை ஏறும், தோற்றால் இறங்கும், இதை எந்தக் கோச்சும் மறுக்க முடியாது. ஆனால் ராத்திரி முழுக்கப் பேசியதை நான் ஆசை என்றுதான் சொல்வேன். கபடியில் நம்பிக்கை வேலை செய்வது, எதிராளி உள்ளே வந்து கால் நீட்டுகிற அந்த அரை நொடியில்.

கார்னரில், அதாவது வரிசையின் ஓரத்தில், நிற்பவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவன் உடனே விழுந்து தொடையையோ இடுப்பையோ அடைத்தால் கேட்ச். அடைத்தும் ரைடர், அதாவது பாடி வந்தவன், இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்த அத்தனை பேரும் அவுட். அதனால் பக்கத்தில் நிற்பவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். நான் போகாமல் நின்றால் நானாவது உள்ளே மிஞ்சுவேன், நான் போய் மற்றவன் வராவிட்டால் நானும் வெளியே உட்கார வேண்டும். இந்தக் கணக்கு ஏழு பேருக்கும் ஓடுகிறது. எல்லாரும் வருவார்கள் என்று நினைக்கிறவன் போய் விழுவான், அவன் விழுவதாலேயே பிடி நிற்கும். வர மாட்டார்கள் என்று நினைக்கிறவன் அரை அடி பின்னால் இருப்பான், அந்த அரை அடியில்தான் பிடி கழன்று போகும். இரண்டு பேரும் நினைத்தது நினைத்தபடியே நடந்துவிடுகிறது. அப்படியென்றால் நம்பிக்கை வெற்றிக்குப் பின்னால் வருவது மட்டும் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் ஏழு பேரிடமும் “நீ பிடிப்பியா?” என்று கேட்டிருப்பீர்கள். “நீ பிடிச்சா அவன் வருவானா?” என்று கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 19, காலை

எந்த அனுபவத்தில் இதைப் பேசுகிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்வி. வாடிப்பட்டிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகக் கபடி சொல்லித்தருகிறேன். அதற்கு முன் நானே இடது கார்னர் ஆடியவள்.

1993-ல் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒரு ஃபைனல். அப்போதெல்லாம் மேட் கிடையாது, மண் தரை, சுண்ணாம்புக் கோடு, முழங்கையில் தோல் உரியாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். கடைசி இரண்டு நிமிஷம், நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட் முன்னால், உள்ளே இரண்டே பேர், நானும் கவரில், அதாவது கார்னருக்கு உள்பக்கம் துணைக்கு, நின்றவளும். பாடி வந்தவள் அன்றைக்கு முழுக்க எங்களை உரித்து எடுத்தவள். நான் கவரைப் பார்த்து “பிடிச்சிரலாம்டி” என்றேன். ரைடர் கால் நீட்டினாள், கணுக்காலைப் பிடித்தேன், திரும்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை, அவள் வந்து மேலே விழுந்த எடை மட்டும்தான் தெரிந்தது. கோப்பை எங்களுக்கு.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். சரியான நேரத்தில் சரியான ஆள் சொன்னால் ஒரு வார்த்தை போதும்.

ஜனவரி 19, இரவு

அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் கேட்கிறார், மாடு பிடிக்கிறவனுக்கு எந்த டீம் நம்பிக்கை கொடுக்கிறது என்று. அது வேறு விளையாட்டு. ஒரு மாட்டை ஒருவர்தான் பிடிக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து அணைத்தால் செல்லாது. வாடிவாசல் முன்னால் நிற்பவனுக்குத் தன் கை மீதுள்ள நம்பிக்கைதான் எல்லாம். எங்கள் பக்கம் மாடு பிடிக்கிற பையன்கள் நிறையப் பேர் கபடிக்கும் வருவார்கள், பிடியும் வேகமும் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், ஆனால் பக்கத்து ஆளுக்காக ஒரு நொடி காத்திருக்கப் பழக அவர்களுக்கு ஒரு வருஷம் பிடிக்கும்.

ஜனவரி 22

தம்பி விடவில்லை. “எல்லாம் அனுபவமாத்தானே சொல்றீங்க, யாராவது அளந்து பார்த்திருக்காங்களா?” என்கிறார். பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டெபோரா ஃபெல்ட்ஸ், கேத்தி லிர்க் என்ற இரண்டு பேர் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி ஐஸ் ஹாக்கி டீம் ஆறு, மொத்தம் 32 ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் இரண்டு வகையாகக் கேட்டார்கள், உன்னால் எவ்வளவு முடியும் என்று ஒன்று, உன் டீமால் எவ்வளவு முடியும் என்று ஒன்று. டீம் எப்படி ஆடும் என்பதை முன்கூட்டிக் காட்டியதில் இரண்டாவது பதில்தான் பலமாக இருந்தது. ஆளுக்கு ஆள் தன்னம்பிக்கை இருப்பதைக் கூட்டிப் போட்டால் டீம் நம்பிக்கை வந்துவிடாது என்று நான் சொல்வதும் இதைத்தான். அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, தம்பி பக்கம் பேசுவது. ஜெயித்த பிறகு டீம் மேல் இருந்த நம்பிக்கை ஏறியிருக்கிறது, தோற்ற பிறகு இறங்கியிருக்கிறது. ஆனால் தன் மேல் இருந்த நம்பிக்கை அப்படி ஆடவில்லை.

இதை ஆல்பர்ட் பாண்டூரா என்ற உளவியலாளர் முன்பே வகைப்படுத்தி வைத்திருந்தார். நம்பிக்கை நான்கு வழியாக வரும் என்றார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லிக் கேட்பது, உடம்பின் படபடப்பு. இதில் முதலாவதுதான் ரொம்பப் பலம்.

நான் இதைப் படித்த பிறகு எங்கள் பிள்ளைகளிடம் சீட்டு கொடுக்க ஆரம்பித்தேன். ஆட்டத்துக்கு முந்தின நாள், பேர் எழுத வேண்டாம், நிற்கிற இடத்தை மட்டும் எழுதினால் போதும். “நம்ம டீம்ல மூணு பேர் மட்டும் உள்ள இருக்கும்போது ரைடரைப் பிடிக்க முடியுமா?” இது மட்டும்தான் கேள்வி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்.

முதல் தடவை வந்த சீட்டுகளில் ஐந்து பேர் 8, 9 என்று போட்டிருந்தார்கள். ஒருத்தி 7. இடது கவர் மட்டும் 2. கூட்டி வகுத்தால் நல்ல எண்தான் வரும், அதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருந்தால் ஏமாந்திருப்பேன். மூன்று பேர் பிடிக்கிற பிடியில் ஒருத்தி 2 என்றால் அந்தப் பிடியே 2-தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, “மிஸ், கார்னர் அக்கா எப்ப விழுவாங்கன்னு எனக்குத் தெரியாது. கையையும் அமுக்க மாட்டாங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருது” என்றாள். பயந்த பிள்ளை என்றுதான் அவளை நினைத்து வைத்திருந்தேன். டீமில் எல்லாரையும்விடத் தெளிவாகப் பார்த்தவள் அவள்தான். அடுத்த இரண்டு வாரம் கார்னரும் கவரும் கையை அமுக்கிச் சைகை சொல்லிப் பழகினார்கள், அவ்வளவுதான்.

ஜனவரி 23

ஹாக்கி ஆய்வில், தோற்றாலும் தன் மேல் நம்பிக்கை குறையவில்லை என்று நேற்று எழுதினேன். நாள் முழுக்க அதுவே மனசில் ஓடியது. தோற்றுவிட்டுத் திரும்புகிற வேனில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் உடனே புரியும். “நான் என் வேலையைச் செஞ்சேன், இவளுகதான்…” என்ற பேச்சு. ஏழு பேரும் அதையே நினைத்துக்கொண்டு வருவார்கள். ஏழு பேருக்கும் தன்னம்பிக்கைக்குக் குறைவே இருக்காது, ஊர் வந்து சேர்வதற்குள் டீம் காலியாகியிருக்கும்.

ஒரு வருஷம் உசிலம்பட்டியிலிருந்து திரும்பும்போது அப்படித்தான் நடந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன், களைப்பில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூன்று ஆட்டமும் தோற்றோம். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது தப்பு, இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது எங்கள் வழக்கம், வேனில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே கூடாது. வழியில் டீ குடிக்க நிறுத்துவோம், அங்கே ஒவ்வொருத்தியும் தனக்கு இன்றைக்கு யார் உதவினாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். தப்பையெல்லாம் மறுநாள் மைதானத்தில்தான் பேசுவோம்.

ஜனவரி 25

ஒருவர் கேட்டது: ஊர் மேட்சில் மைக் பிடிக்கிறவர் உள்ளூர் டீமுக்கே கத்திக்கொண்டிருக்கிறாரே, அதில் நம் பையன்கள் மனசு விட்டுவிடுகிறார்கள், என்ன செய்ய? ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி பதினொரு மணி, ட்யூப் லைட் வெளிச்சம், அவர் ஊர் கோயில் திருவிழா, அவர் கத்தத்தான் செய்வார். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே பயிற்சி வைத்துப் பார்த்தேன். சத்தத்தில் குரல் கேட்காது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் கையையும் கண்ணையும் நம்ப ஆரம்பித்தார்கள்.

ஜனவரி 27

19-ஆம் தேதி எழுதியதை நான் திருத்த வேண்டும்.

1993-ல் என் பக்கத்தில் கவரில் நின்றவள் இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறாள். நான் எழுதியதை அவள் மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். நேற்று ராத்திரி போன். எடுத்த எடுப்பிலேயே, “ஏன்டி, பிடிச்சிரலாம்னு சொன்னியாமே, எப்ப சொன்ன?” என்றாள். அவளுக்கு அது காதிலேயே விழவில்லையாம். அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை, கால் நடுங்கிக்கொண்டிருந்தது, ஜெயிப்போம் என்றும் தோன்றவில்லை. பின்னே ஏன் வந்து விழுந்தாய் என்று கேட்டேன். “நீ குனிஞ்ச. நீ குனிஞ்சா நான் விழணும். ஆறு மாசமா விடியக்காலம் அஞ்சரைக்கு அதைத்தானே செஞ்சோம்.”

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷமாக ஒரு வார்த்தையின் கதையாகவே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எத்தனை ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று “நம்புங்க, நம்புங்க” என்று கத்தியிருப்பேன்! பாண்டூராவின் நான்கில் மூன்றாவதை வைத்துக்கொண்டு முதலாவது என்று நினைத்திருக்கிறேன். அவளுக்குத் தன் மேலும் நம்பிக்கை இல்லை, கோப்பை மேலும் இல்லை. நான் குனிவேன் என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

பேச்சே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. செய்து பழகியதை ஞாபகப்படுத்துகிற பேச்சு உதவும். பழகாத ஒன்றைப் பேச்சு கொண்டுவந்து கொடுக்காது.

ஜனவரி 28

நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிப் போட்டால் நம்பிக்கை தானாக வரும் என்கிறார் ஒருவர். புரோ கபடி லீக்கில் ஆடும் நம் தமிழ் தலைவாஸைப் பாருங்கள். 2019 சீசனில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் மூன்று பேரும் ஒரே டீமில். பேரைக் கேட்டாலே எதிராளிக்குக் கை நடுங்கும். பன்னிரண்டு டீமில் கடைசி இடம். 2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே. சரி, இந்த வருஷமும் போச்சு என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அழாத குறை. அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனார்கள். நரேந்தர் என்ற சின்னப் பையன் ரைடில் 200 பாயிண்டைத் தாண்டினான், பிடிக்கிறவர்கள் எல்லாரும் இளசுகள்.

காரணம் நம்பிக்கைதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், நடுவில் கோச்சும் மாறினார், பல விஷயம் இருக்கும். ஆனால் பெரிய ஆள் ஒருவர் இருக்கும்போது மற்றவர்கள் அவர் பார்த்துக்கொள்வார் என்று நிற்பதை என் டீமிலேயே பார்த்திருக்கிறேன். அவர் இல்லை என்றதும் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

பெரிய ஆள் எல்லாரும் அப்படி என்றும் இல்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டிய வயதில் 2016-ல் அதே லீக்கில் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். வடக்கத்திப் பையன்களும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிப்ரவரி 1

தேர் இழுக்கிற கூட்டத்தைப் பாருங்கள், அங்கே யார் பயிற்சி கொடுத்தது என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் வடம் பிடித்தவள் நான், அந்தச் சிலிர்ப்பு எனக்கும் தெரியும். ஆனால் ஐயா, உண்மையைச் சொல்லுங்கள், அத்தனை பேரும் முழுப் பலத்தோடா இழுக்கிறோம்? ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-ல் எழுதினார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு வந்தது தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான். கொஞ்சம் ஒரே நேரத்தில் இழுக்காததால் போனது, மிச்சம், அடுத்தவன் இழுக்கிறான் என்ற நினைப்பில் போனது. 1974-ல் கண்ணைக் கட்டிவிட்டுப் பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்துப் பார்த்தார்கள், பின்னால் யாருமே இல்லாதபோதும் முன்னால் நின்றவர் இழுப்பு குறைந்தது.

இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. “மத்தவங்க பார்த்துக்குவாங்க” என்பதும் ஒரு வகையில் கூட்டத்தின் மேல் உள்ள நம்பிக்கைதானே? அது ஆளைச் சோம்பேறியாக்குகிறது. “நான் குனிஞ்சா அவ விழுவா” என்பதில் என் குனிவு இல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது. இரண்டையும் நம்பிக்கை என்ற ஒரே வார்த்தையால் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் வருகிறது. முதலிலேயே இதைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 3

அளவுக்கு மீறிய நம்பிக்கை ஆபத்தில்லையா என்றும் தம்பி கேட்டிருந்தார், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

1990-ல் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழும் இந்தியாவுக்கே. 2018 ஜகார்த்தாவில் முதலில் தென் கொரியாவிடம் 23-24, பிறகு அரையிறுதியில் ஈரானிடம் 18-27. மறுநாள் ஃபைனலில் பெண்களும் ஈரானிடம் 24-27. அந்த ஈரான் பெண்களுக்குக் கோச் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின், நம் நாட்டுக்காரர். இரண்டு ஆட்டத்தையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன், ஒருத்தி கூட எழுந்து போகவில்லை. நம்முடைய விளையாட்டு என்பதால் கடைசியில் நாம்தான் ஜெயிப்போம் என்று டிவி முன்னால் இருந்த நாங்கள் கடைசி நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தோம். ஆடியவர்கள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி நான் பேசக் கூடாது.

என் டீமைப் பற்றிப் பேசலாம். ஒரு வருஷம் பதினோரு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தோம். பன்னிரண்டாவதில் எதிர் ரைடர் ஒவ்வொரு தடவையும் வலது பக்கம் போவதுபோல் காட்டி இடது கையால் தொட்டுவிட்டுப் போனாள். வெளியே உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புச் சின்னவள் மூன்றாவது ரைடிலேயே அதைக் கவனித்திருக்கிறாள். சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து கேட்டபோது, “எல்லா அக்காவும் அவ்வளவு தைரியமா இருந்தாங்க மிஸ், நான் சொன்னா சகுனத் தடை மாதிரி இருக்கும்னு நினைச்சேன்” என்றாள். அவள் வாயை அடைத்தது எங்கள் நம்பிக்கை. அதற்குப் பிறகு இடைவேளையில் முதலில் பேசுவது வெளியே உட்கார்ந்திருப்பவர்கள்தான். ஆடியவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

பிப்ரவரி 8

தம்பி சீட்டு போட்டுப் பார்த்துவிட்டார். ஏழு பேர், மூணு பேர் பிடி பற்றி அதே கேள்வி. 9, 9, 8, 9, 3, 8, 4. “அக்கா, அந்த 4 நான்தான்” என்று எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்க “முடியும்டா” என்று பேசியதும் அவர்தான். படித்துவிட்டு எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

அந்த 3 போட்டவர் யார் என்று தேட வேண்டாம் தம்பி. நீங்கள் 4 போட்டதை முதலில் டீமிடம் சொல்லுங்கள், அவரே வந்து பேசுவார்.

பிப்ரவரி 9

சொல்லிவிட்டாராம். 3 போட்டது வலது கார்னர். இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நிற்பவர்கள், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஃபைனலில் ஒருவர் விழுந்து மற்றவர் வராமல் போனதிலிருந்து அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்று ராத்திரி கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பயிற்சிக்கு என்ன செய்வது என்று கேட்டார். வர்ற சனிக்கிழமை விடியக்காலம் அஞ்சரைக்கு நானே வருகிறேன் தம்பி. மேட் வேண்டாம், கண்மாய் மண்ணே போதும், முள் மட்டும் பொறுக்கி வையுங்கள். பழைய துண்டு ஒன்று வேண்டும், உங்கள் வலது மணிக்கட்டையும் கார்னரின் இடது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டுவோம். நன்றாகப் பாடத் தெரிந்த பையன் இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள், ஐம்பது தடவையாவது உள்ளே வர வேண்டியிருக்கும்.